டைகர் மாத்துக்கு எந்த எஞ்சின்? சைட்டோ 82-ஐ மாட்டிப் பறக்கவிட்ட அனுபவம்

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிமோட்டில் பறக்கவிடும் சிறு விமானங்களில், டைகர் மாத், ஸ்டியர்மேன் மாதிரி நிதானமாகப் பறக்கிற இரட்டை இறக்கை விமானம் என்றால் மெத்தனாலில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்குங்கள். சைட்டோ எஃப்ஏ-82பி என்னிடம் இருக்கிறது, கொடுத்த காசு வீண் போகவில்லை. கார் இல்லை, எரிபொருள் கேனை வீட்டில் வைக்க இடம் இல்லை, வீட்டுக்காரம்மா முறைக்கிறார் என்றால் மின்மோட்டாருக்குப் போய்விடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெட்ரோல் எஞ்சின் நல்லதுதான், ஆனால் இந்த அளவு விமானத்துக்கு அது கொஞ்சம் கூடுதல்.

இனி பொறுமை உள்ளவர்களுக்கு.

என் விமானம் ஐந்தில் ஒரு பங்கு அளவு டைகர் மாத். அசல் விமானத்தின் இறக்கை 8.94 மீட்டர், என்னுடையது 1.8 மீட்டருக்குப் பக்கம். எல்லாம் மாட்டி முடித்தபோது எடை நாலரைக் கிலோவை ஒட்டி நின்றது. டைகர் மாத்தை ஏன் எடுத்தேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1931 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த இந்தப் பயிற்சி விமானம் நம் சிங்கப்பூருக்கும் அந்நியம் இல்லை. 1941, 42-இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது மலாயாத் தொண்டூழிய விமானப் படை இங்கே பறக்கவிட்ட விமானங்களில் டைகர் மாத்தும் உண்டு. துப்பாக்கிகூட இல்லாத துணி போர்த்திய விமானத்தில் அந்த வானத்தில் பறந்திருக்கிறார்கள். சரி, எஞ்சினுக்கு வருவோம்.

விமானத்தை நாமே கட்டுவதற்கு வரும் கிட் பெட்டியின் மேல் "இரண்டு ஸ்ட்ரோக் என்றால் 60, நாலு ஸ்ட்ரோக் என்றால் 90" என்கிற மாதிரி போட்டிருப்பார்கள். இதெல்லாம் கன அங்குலக் கணக்கு, நூறில் இத்தனை பங்கு என்று. 60 என்றால் ஏறக்குறைய 10 சிசி, 90 என்றால் ஏறக்குறைய 15 சிசி. பெட்டியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் அடுத்துக் கேட்பது "எதுல பவர் அதிகம்?" என்பதுதான். ஒற்றை இறக்கை விமானத்துக்கு அந்தக் கேள்வி ஓரளவு சரி. இரட்டை இறக்கைக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்த எஞ்சின் எவ்வளவு பெரிய புரொப்பெல்லரைச் சுற்றும் என்பது.

இந்த விமானங்களில் காற்றை எதிர்த்து நிற்கும் சாமான் அதிகம். மேலே இரண்டு கீழே இரண்டு என்று நாலு இறக்கை, நடுவில் தூண்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், வெளியே தொங்கும் சக்கரங்கள். எவ்வளவு சக்தி கொடுத்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகாது, போகவும் கூடாது, டைகர் மாத் விர்ரென்று போனால் பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அப்படிப்பட்ட விமானத்துக்குச் சின்ன புரொப்பெல்லரை அதிவேகத்தில் சுற்றுகிற எஞ்சின் எதற்கு?

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 60 அளவு இரண்டு ஸ்ட்ரோக்கில் 12×6 புரொப்பெல்லர் (விட்டம் 12 அங்குலம், ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும்) போட்டு நிமிடத்துக்கு 11,500 சுற்று சுற்றினால், அந்தப் புரொப்பெல்லர் காற்றைத் திருகிக்கொண்டு முன்னேறும் வேகம் மணிக்கு 105 கிலோமீட்டர். என் சைட்டோவில் 14×6 போட்டு 9,000 சுற்று என்றால் 82 கிலோமீட்டர். விமானம் சொகுசாகப் பறப்பதோ ஐம்பது அறுபதில். அந்த 105 அங்கே வீண். ஆனால் 14 அங்குலப் புரொப்பெல்லர் துழாவும் வட்டத்தின் பரப்பு 12 அங்குலத்தைவிட 36 சதவீதம் அதிகம். அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது, இழுவை கூடுகிறது, தரையிலிருந்து எழும்போதே வித்தியாசம் தெரியும்.

ஸ்டியர்மேன் மாதிரி வட்டமான பெரிய மூக்கு உள்ளவற்றில் இது இன்னும் மோசம். மூக்குக் கூட்டின் விட்டம் 7 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 அங்குலப் புரொப்பெல்லர் துழாவும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்தக் கூடே மறைத்துக்கொள்ளும். 14 போட்டால் கால் பங்குதான் போகும். எஞ்சின் கத்துகிறது, விமானம் நகர மாட்டேன் என்கிறது என்று திடலில் யாராவது புலம்பினால் முதலில் கூட்டின் அளவைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் இறங்குவது. எஞ்சின் நின்றுபோனால் ஒற்றை இறக்கை விமானம் மிதந்து மிதந்து வந்து சேரும். இரட்டை இறக்கை அப்படி இல்லை, கல் மாதிரி கீழே வரும், அதற்குள் ஓடுபாதையை நோக்கித் திருப்பினால் உண்டு. இறக்கும்போதுகூட எஞ்சினை முழுசாகக் குறைக்க முடியாது, தரை தொடும் வரை லேசாக இழுவை கொடுத்துக்கொண்டே வர வேண்டும். எங்கள் திடலில் பல வருடமாகப் பறக்கவிடும் ஓர் அண்ணன், "தம்பி, மேல போறதுக்கு எந்த எஞ்சினும் போதும், கீழ வர்றப்ப ஒழுங்கா ஓடுதான்னு பாரு" என்பார். அதாவது குறைந்த வேகத்தில் அணையாமல் சீராக ஓடுவதும், நடுவில் திடீரென்று த்ராட்டில் கொடுத்தால் இருமாமல் எழுவதும்தான் முக்கியம்.

சைட்டோ 82 இந்த இடத்தில்தான் சம்பாதிக்கிறது. 14×6 புரொப்பெல்லரோடு 2,000-ஐ ஒட்டி டுப் டுப் என்று ஓடும், அங்கிருந்து த்ராட்டிலைத் தள்ளினால் தயக்கம் இல்லாமல் மேலே வரும். நம் ஊர் வெயிலில் 9,000 சுற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் போடும் எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்காதீர்கள், 15 டிகிரி காற்றைவிட நம் 32 டிகிரி காற்று ஐந்தாறு சதவீதம் மெலிசு, ஈரப்பதம் வேறு. எஞ்சின் மேல் குற்றம் இல்லை.

கையில் எடுத்துப் பார்த்தால் வேலைப்பாடு தெரியும். சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பு, நடுவில் கேஸ்கெட் கிடையாது, அதனால் அது ஊதிப்போகும் கவலையும் கிடையாது. புரொப்பெல்லரைப் பிடிக்க இரண்டு நட்டு, ஒன்றை முடுக்கி அதன்மேல் பூட்டு நட்டு. இரண்டாவது நட்டை அலட்சியமாக விடாதீர்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் கலவை மெலிந்து சூடேறினால் திடீரென்று பின்பக்கம் உதைக்கும், ஒற்றை நட்டு என்றால் புரொப்பெல்லரே கழன்று ஓடும். அதன் முன்னால் நிற்கிறவர் நாம்தான்.

வால்வு பற்றிப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லையே இல்லை என்பது உண்மை. ஆனால் இது பத்து நிமிட வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சுடச்சுடப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். ராக்கர் மூடிகளைக் கழற்றி, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி, அழுத்தம் கையைத் தடுக்கும் இடத்தைத் தாண்டிப் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்துங்கள். இப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி 0.03 முதல் 0.10 மில்லிமீட்டர். அலுவலகத்தில் பிரிண்டரில் போடும் தாள் இருக்கிறதே, அதன் தடிமன் ஏறக்குறைய 0.10. அந்தத் தாள் தாராளமாக நுழைந்தால் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து, பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைத் தொட்டும் தொடாமலும் திருப்பி, தகடு லேசாக உரசிக்கொண்டு வெளியே வரும் இடத்தில் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்க வேண்டும். முடுக்கும்போது திருகும் கூடவே நகரும், அதனால் முடுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் மூடியைப் போடாதீர்கள். புது எஞ்சினைக் கொஞ்ச நேரம் நிதானமாக ஓட்டிப் பழக்கி முடித்ததும் ஒரு தடவை கட்டாயம் பாருங்கள், அதற்குப் பிறகு எப்போதாவது பார்த்தால் போதும்.

டைகர் மாத்தில் எஞ்சினைத் தலைகீழாக மாட்டுவதுதான் அழகு. அசலிலும் அப்படித்தான், ஜிப்சி மேஜர் எஞ்சினின் நாலு சிலிண்டரும் கீழ் நோக்கித் தொங்கும், விமானிக்கு மூக்குக்கு மேலே பார்வை கிடைக்கட்டும் என்று. நம் சின்ன எஞ்சினில் தலைகீழ் என்றால் அதற்கென்று சில கவனங்கள் உண்டு. கார்புரேட்டர் கீழே இறங்கிவிடுவதால், டேங்க் கிட்டில் சொன்ன உயரத்திலேயே இருந்தால் எரிபொருள் தானாக வழிந்து சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை வைத்து ஓங்கிச் சுற்றினால் திரவத்தை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். காசு கொடுத்து வாங்கிய எஞ்சின் ஒரே நொடியில் பழைய இரும்பு. டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டர் ஊசியின் மட்டத்துக்கு அரை, ஒரு சென்டிமீட்டர் கீழே வரும்படி டேங்க் அறையை வெட்டி இறக்கியே ஆக வேண்டும். ஸ்டார்ட்டரைத் தொடும் முன்னால், எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்காமல் கையால் சில சுற்று சுற்றிப் பார்ப்பதும் பழக்கமாகிவிட வேண்டும், எங்கேயாவது கெட்டியாகத் தடுத்தால் பிளக்கைக் கழற்றி எரிபொருளை வடித்துவிடுங்கள்.

தலைகீழாக இருக்கும் பிளக்கில் எண்ணெய் சேர்ந்து குறைந்த வேகத்தில் அணையப் பார்க்கும். அதற்கு விமானத்துக்குள்ளேயே 1.2 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்து, த்ராட்டில் குறையும்போது மட்டும் பிளக்குக்கு மின்சாரம் போகிற மாதிரி செய்துகொண்டால் தீர்ந்தது. கடையில் தயாராகவே விற்கிறார்கள். நாலு ஸ்ட்ரோக்குக்கு என்று இருக்கும் பிளக்கையே போடுங்கள், ஓ.எஸ். எஃப் வகை பலரும் போடுவது.

மூக்குக் கூட்டில் காற்று உள்ளே போக ஓட்டை இருந்தால் மட்டும் போதாது, வெளியே போகும் வழி அதைவிட இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். கிட்டில் வரும் கூடு பெரும்பாலும் அடியில் மூடியே இருக்கும். வெட்ட மனசு வராது, வெட்டுங்கள்.

அப்புறம் எடை. இரட்டை இறக்கை விமானங்களில் பலவற்றுக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் வைக்க வேண்டிவரும், தூரக் கணக்கு அப்படி. டைகர் மாத் கட்டுகிறவர்கள் கடைசியில் மூக்கில் ஈயம் வைப்பது ஊரறிந்த கதை. 82-இன் எடை அரைக் கிலோவை எட்டாது, அதன் அளவுக்கு இது ரொம்பவே லேசு, விளம்பரத்திலும் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் டைகர் மாத்தில் அந்தப் பெருமையே கொஞ்சம் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ரிசீவர் பேட்டரியைத் தீச்சுவருக்கு (எஞ்சினை மாட்டும் பலகை) முன்னால் தள்ளி, அதற்கு மேலும் கொஞ்சம் ஈயம் வைத்த பிறகுதான் என் விமானம் சமநிலைக்கு வந்தது. சும்மா கிடக்கும் ஈயத்தைச் சுமப்பதற்குப் பதில் இன்னும் கனமான எஞ்சினையே போடலாமே என்று கேட்டால் நியாயமான கேள்விதான். உங்கள் கூட்டில் இடம் இருந்தால் அதே கம்பெனியின் எஃப்ஏ-100 பாருங்கள். டைகர் மாத்தின் ஒல்லி மூக்குக்குள் 82 அடங்குகிறது, எனக்கு அது போதும்.

பெட்ரோலுக்கு வருவோம். திடலில் என் பக்கத்தில் ஸ்டியர்மேன் வைத்திருப்பவர் டிஎல்இ-20 போட்டிருக்கிறார். 20 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், 16×8 புரொப்பெல்லர். எஞ்சின் மட்டும் 650 கிராம், தீப்பொறிப் பெட்டி 120 கிராம், சைலன்சர், அதற்கென்று தனிப் பேட்டரி எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோவைத் தொடும். ஸ்டியர்மேனின் குட்டை மூக்குக்கு அந்த எடை வரம்தான், ஈயமே வைக்கவில்லை. எரிபொருள் செலவில் அவர் ராஜா. மெத்தனால் எரிய வேண்டுமென்றால் அதே காற்றுக்குப் பெட்ரோலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும், அதனால் நான் டேங்க் நிரப்பி நிரப்பி அலுக்கும்போது அவர் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். 30 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய், அவ்வளவுதான் கலவை. எண்ணெய் குறைவாக இருப்பதால் விமானமும் அழுக்காவது குறைவு.

எனக்கு ஏன் பிடிக்கவில்லை? அதிர்வு. ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் குறைந்த வேகத்தில் விமானத்தையே உலுக்கும், இறக்கைத் தூண்களின் திருகுகளும் கம்பிகளின் முடுக்கிகளும் ஒவ்வொன்றாகத் தளரும். நாலு இறக்கை விமானத்தில் எத்தனை திருகு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தீப்பொறிப் பெட்டியையும் அதன் ஒயர்களையும் ரிசீவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வைக்க வேண்டும், சின்ன விமானத்தில் அந்த ஒரு அடிக்கு எங்கே போவது. சத்தமும் டைகர் மாத்துக்குப் பொருந்தாது, புல்வெட்டும் சத்தம் கேட்டு அலுத்த ஊர் இது.

ஆறு கிலோவைத் தாண்டிய பெரிய விமானம் என்றால் நான் சொன்னதை எல்லாம் மறந்துவிட்டுப் பெட்ரோலே வாங்குங்கள். ஆனால் 7 கிலோ என்ற கோட்டை மனதில் வையுங்கள். இங்கே சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி 250 கிராமுக்கு மேல் எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் 7 கிலோ வரை பொழுதுபோக்குக்குப் பறக்கவிட அடிப்படைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், 7 கிலோ தாண்டினால் அனுமதிப் பத்திரம் அது இது என்று வேறு உலகம். எஞ்சினைப் பெரிதாக்க ஆரம்பித்தால் டேங்க், சக்கரம், சர்வோ என்று எல்லாம் பெரிதாகி எடை சத்தமில்லாமல் அங்கே போய் நிற்கும். அனுமதி இல்லாமல் பறக்கும் உயரமும் கடல்மட்டத்திலிருந்து 200 அடிதான், ஏறக்குறைய 60 மீட்டர். அந்த உயரத்துக்குள் நிதானமாக வட்டமடிக்க டைகர் மாத்தைவிடப் பொருத்தமான விமானம் இல்லை என்பேன். அசுர சக்தியுள்ள எஞ்சினை வாங்கிச் செங்குத்தாக ஏற்றினால் சில நொடிகளில் எல்லை வந்துவிடும், பிறகு என்ன செய்வது.

இரண்டு ஸ்ட்ரோக்கை ஒரேயடியாகக் கழித்துக்கட்டவில்லை. விலை குறைவு, வால்வு வேலை இல்லை, யாருக்கும் ஓட்டத் தெரியும். ஓ.எஸ். கம்பெனி 1936 முதல் ஒசாகாவில் எஞ்சின் செய்கிறது, அவர்களின் 55ஏஎக்ஸ் மாதிரி ஒன்றைச் சின்ன பிட்ஸ் விமானத்தில் போட்டால் அருமையாக இருக்கும். பிட்ஸ் வேகமாகப் பறந்து குட்டிக்கரணம் போடுகிற விமானம், அங்கே அந்த 105 கிலோமீட்டர் வேலைக்கு ஆகும். டைகர் மாத்தில் போட்டாலும் பறக்கும்தான். ஆனால் காதைக் கிழிக்கும் அந்தச் சத்தத்தோடு அவ்வளவு மெதுவான விமானம் தலைக்கு மேல் போவதைப் பார்த்தால் படத்துக்கு வேறு படத்தின் ஒலியைப் போட்ட மாதிரி இருக்கும்.

மின்மோட்டார் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊருக்கு அதுதான் வசதி. எண்ணெய் இல்லை, வால்வு இல்லை, தலைகீழ்த் தொல்லை இல்லை, நடுவில் நின்றுபோகும் பயம் இல்லை. 60 அளவுக்கு என்று விற்கும் மோட்டாரும் 6 செல் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியும் போட்டால் ஆறு ஏழு நிமிடம் தாராளமாகப் பறக்கலாம். பேட்டரியே முக்கால் கிலோ பக்கம் வரும், அதை முன்னால் தள்ளினால் ஈயத்துக்கும் வேலை இல்லை. பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றுவதில் எந்த எஞ்சினும் அதன் கிட்டே வர முடியாது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் வாங்கும் முன்னால் பேட்டரியை எந்த வழியாக மாற்றுவது என்று விமானத்தைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். சில இரட்டை இறக்கைக் கிட்களில் பேட்டரி அறை மேல் இறக்கைக்கு நேர் கீழே, தூண்களுக்கு நடுவில் இருக்கும். கை நுழையாது. ஒவ்வொரு தடவையும் மேல் இறக்கையைக் கழற்றி மாட்டுவதென்றால் காலைப் பொழுது திருகாணியோடே போய்விடும். மூக்குக்கு மேலேயோ அடியிலேயோ திறக்கும் மூடி இருக்கிற கிட்டாகப் பாருங்கள், அல்லது நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு எரிபொருள் எஞ்சின் வைத்திருப்பது எப்படி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். புளோக்குக்குக் கீழே எஞ்சினை ஓட்டிப் பழக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். புது எஞ்சினைப் பழக்குவதெல்லாம் திடலில்தான், காலையில் சீக்கிரம் போய், சுமத்ரா காற்று மழையைக் கொண்டுவரும் மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டு. எரிபொருளைக் கொஞ்சமாக வாங்குங்கள். மெத்தனால், நைட்ரோமீத்தேன் 10 முதல் 15 சதவீதம், எண்ணெய் 18 முதல் 20 சதவீதம், இதுதான் உள்ளே இருப்பது. தீப்பிடிக்கும் சாமான் என்பதால் விமானத்தில் அனுப்ப மாட்டார்கள், வெளிநாட்டுக் கடையில் விலை குறைவாகத் தெரிந்தாலும் பிரயோசனம் இல்லை, உள்ளூர்க் கடையில் வரும்போது வாங்க வேண்டியதுதான். மூடியை இறுக மூடுங்கள், மெத்தனால் நம் ஊர்க் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எரிபொருளில் இருக்கும் ஆமணக்கெண்ணெய்தான் சூட்டில் எஞ்சினைக் காப்பாற்றுவது, திடலில் வரும் அந்த வாசனையும் அதுதான். தேக்காக் கடைகளில் விற்கும் விளக்கெண்ணெயை (அதுவும் ஆமணக்கெண்ணெய்தான்) நாமே ஊற்றிக் கலக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பிசுபிசுப்பு நீக்கிய எண்ணெய்தான் இதற்கு ஆகும், தலைக்குத் தேய்ப்பதைத் தலைக்கே தேயுங்கள்.

பறந்து முடித்ததும் உள்ளே மிச்சம் இருக்கும் எரிபொருளை எரித்துத் தீர்த்துவிட்டு, கார்புரேட்டர் வழியாகவும் பிளக் துளை வழியாகவும் நாலைந்து சொட்டுப் பாதுகாப்பு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வைக்க வேண்டும். இந்த ஊர் ஈரப்பதத்தில் அதைச் செய்யாமல் அலமாரியில் வைத்தால் அடுத்த தடவை எடுக்கும்போது பேரிங் கரகரக்கும்.

அதனால்தான் பழைய எஞ்சின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017-இல் மூடிய பிறகு இந்த வியாபாரமெல்லாம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. எங்கள் தம்பி ஒருவன் படத்தில் பளபளவென்று இருந்த நாலு ஸ்ட்ரோக் ஒன்றை அப்படித்தான் வாங்கி வந்தான். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தண்டை விரலால் மெதுவாகச் சுற்றினால் உள்ளே மணல் அரைபட்டது. விற்றவர் பதிலே போடவில்லை. நல்லவேளையாகப் பேரிங் பொதுவான மில்லிமீட்டர் அளவுதான், எஞ்சினில் இருக்கும் பேரிங்கின் எண்ணைச் சொன்னால் பேரிங் கடைகளில் கிடைக்கும். எஞ்சினின் உடலைச் சூடாக்கினால் பழைய பேரிங் தானாகக் கழன்று விழும், சமையலறை ஓவனைத் தொடாமல் அதற்கென்று பழைய ஓவன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்காமல், பிளக்கைக் கழற்றிச் சுற்றிப் பார்க்காமல் பழைய எஞ்சின் வாங்காதீர்கள்.

சைட்டோவின் குறைகளாக நான் சொல்வது மூன்று. ஒன்று விலை, 400 வெள்ளிக்கு மேல் போகும், அந்தக் காசில் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினும் சில கேன் எரிபொருளும் வாங்கலாம். அடுத்தது, எந்த நாலு ஸ்ட்ரோக்கிலும் இருப்பதுதான், சூட்டில் விரிந்து சுருங்கிச் சைலன்சர் குழாயின் நட்டு தளரும், பறக்கும் முன் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது எண்ணெய். புகைக்குழாய் கீழே இருக்கிறது, அதற்குப் பின்னால் நேராகக் கீழ் இறக்கை. ஒற்றை இறக்கைக்காரர்களுக்கு இந்த வேதனை புரியாது. ஒரு டேங்க் பறந்து வந்தால் கீழ் இறக்கையின் அடிப்பக்கம் ஒரு பக்கமாகப் பழுப்பு எண்ணெய் ஓடி, தூண் மாட்டும் குழிக்குள்ளும் கம்பி கட்டும் கொக்கியிலும் போய் உட்கார்ந்திருக்கும். மேலே வழித்துவிட்டால் போதாது, அந்தக் குழிக்குள் எண்ணெய் ஊறினால் பால்சா மரம் மெத்தென்று ஆகித் தூணின் பிடி போய்விடும், ஒட்டிய பிலிமும் ஓரத்தில் தூக்கும். கட்டும்போதே குழிகளின் உட்புறம் மெல்லிய எபாக்சி பூசிவிடுங்கள். புகைக்குழாயின் நுனியில் சிலிகான் குழாய் ஒன்றை மாட்டி, இறக்கைக்குக் கீழே இறங்கும்படி வளைத்துவிட்டால் பாதி எண்ணெய் காற்றோடு போய்விடும். மீதிக்குக் கண்ணாடி துடைக்கும் திரவமும் டிஷ்யூ கட்டும்தான், நாலு இறக்கையைக் கழற்றிக் காரில் ஏற்றும் முன்னால் அதையும் செய்தாக வேண்டும். துடைக்கச் சோம்பல்படுகிறவர் என்றால் மறுபடி சொல்கிறேன், மின்மோட்டார் வாங்குங்கள்.

கடைசியாக விலைக்கு ஒரு குறிப்பு. எஞ்சினோடு நிறுத்தாதீர்கள். 14×6 புரொப்பெல்லர் இரண்டு, பிளக் இரண்டு, பிளக்குக்கான உள் பேட்டரி, வால்வு அளக்கும் தகடு, ஸ்டார்ட்டர் இல்லையென்றால் அதுவும், எல்லாம் சேர்த்து இன்னொரு 150 வெள்ளியாவது ஒதுக்கி வையுங்கள். வாங்கும் கடையில் புகைக்குழாய் கேஸ்கெட், கார்புரேட்டர் ரப்பர் வளையம் மாதிரி உதிரிகள் இருப்பில் இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள். வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள் என்றால் அப்போதே இரண்டு செட்டாகச் சொல்லிவிடுங்கள்.